பேச்சியம்மாள் ஏறாத நாட்கள்

2043 ஆகஸ்ட் 11, செவ்வாய்க்கிழமை. வால்பாறைக்கு அருகே குறிஞ்சிக்காடு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருப்பிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த பழைய டீசல் வேன் ஒன்றின் எஞ்சின் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைந்தது.

டாஷ்போர்டின் மேல் திருகப்பட்டிருந்த கறுப்புப் பெட்டி பேசியது. "வணக்கம். உங்கள் ஊர்திக்கு இரண்டாவது புள்ளி பதிவாகியுள்ளது. பயணம் இனிதாகட்டும்."

வேனை ஓட்டிக்கொண்டிருந்த சகாயமேரி ஸ்டியரிங்கை உள்ளங்கையால் ஓர் அடி அடித்தார். வேன் அவருடையது. அவர் கணவர் வாங்கியது. கணவர் இப்போது துபாயில் இருந்தார், அல்லது துபாயில் இருப்பதாகச் சொன்னார்.

"என்ன மேரி, மறுபடியுமா?" என்றார் முன் இருக்கையிலிருந்த சிவசங்கரன். தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"ஆமா சார். எரிஞ்சுது, அணைஞ்சிருச்சு. இப்பப் பாருங்க, பாலே குடிக்காத பூனை மாதிரி இருக்கு."

வேனில் ஏழு பேர் இருந்தார்கள். ஏழு பேருக்கும் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் பொள்ளாச்சிக்கு இறங்கி, நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருந்து, மாலையில் மலை ஏறுவார்கள். அரசு மின்பேருந்து ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ரத்தம் முழுக்க வெளியே போய்த் திரும்பி வந்த உடம்போடு, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது. உட்கார இடம் கிடைத்தாலும் வாந்தி வந்தால் பேருந்து நிற்காது. சகாயமேரியின் வேன் நிற்கும்.

கறுப்புப் பெட்டி மலைவழி ஊர்தி வாரியத்தினுடையது. பதினைந்து வயதைத் தாண்டிய எல்லா வண்டிகளிலும் அது இருக்க வேண்டும். எஞ்சின் விளக்கு எரிந்தால் பெட்டி வாரியத்துக்குச் சொல்லிவிடும். ஒரு புள்ளி விழும். ஏன் எரிந்தது என்று காரணத்தோடு விளக்கம் கொடுத்து, வாரியம் அதை ஏற்றுக்கொண்டால் புள்ளி அழியும். விளக்கமில்லாமல் மூன்று புள்ளி சேர்ந்தால் வண்டி அதற்குமேல் ஸ்டார்ட் ஆகாது. இழுத்துக்கொண்டு போய் நசுக்கிவிடுவார்கள். பிரேக் அறுந்த பழைய லாரி ஒன்று பள்ளிப் பேருந்தின் மேல் சரிந்த பிறகு வந்த சட்டம் அது. அதை எதிர்த்து யாராலும் பேச முடியவில்லை.

அன்று பிற்பகல், நோயாளிகள் மருத்துவமனையில் படுத்திருந்த நேரத்தில், சகாயமேரி போனில் காஜா மைதீனைக் கூப்பிட்டார். வால்பாறையில் டீசல் வண்டி பார்க்கிற மெக்கானிக் அவர் ஒருவர்தான் மிச்சம்.

"நாளைக்குக் காலையில ஷெட்டுக்குக் கொண்டாங்கக்கா" என்றார் காஜா.

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க பாய். பேட்டரி மாத்துனீங்க, ஆல்டர்னேட்டர் மாத்துனீங்க. நான் மாறாத குறைதான்."

மறுநாள் காஜா ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். பழைய குறிப்பேதான் இருந்தது: கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் சென்சார்களுக்கும் இடையே தொடர்பு அறுந்து மீண்டது. எந்த ஒயர், எந்த இடம், எதனால் என்று ஒன்றும் இல்லை. அவர் வேனைச் சுற்றி வந்தார். ஒயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, உறுமவைத்து, தண்ணீர் தெளித்து, வெந்நீர் தெளித்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை.

"பாருங்கக்கா, காய்ச்சல் வந்தப்பத்தான் காய்ச்சலைப் பார்க்க முடியும். எரியும்போது நான் பக்கத்துல இருந்தா, எது அறுகுதுன்னு பிடிச்சிருவேன்."

"எரிய வைங்க."

"எரிய வெச்சா மூணாவது புள்ளி."

"எரியலைன்னா?"

"எரியலைன்னா எனக்குத் தெரியாது. நான் என்ன செய்ய? பழைய காலத்துல ஒரு மாசம் ஓட்டுங்க, எரிய எரியக் குறிச்சுட்டு வாங்கன்னு சொல்லுவோம். இப்பக் குறிக்கிற வேலையை அந்தப் பெட்டி எடுத்துக்கிச்சு."

"பெட்டியைக் கழட்டிட்டு ஓட்டிப் பார்த்தா?"

"கழட்டினா மூணு புள்ளியும் ஒண்ணா விழும்." காஜா துணியில் கையைத் துடைத்தார். "எரிஞ்சதெல்லாம் எங்க, எப்ப? அதையாவது சொல்லுங்க."

சகாயமேரி யோசித்தார். பெட்டி வருவதற்கு முந்தைய கோடையில் மூன்று நான்கு தடவை எரிந்திருந்தது; அப்போது அவர் அதை மதிக்கவில்லை. ஜூலையில் ஒரு தடவை. இப்போது ஒரு தடவை. எல்லாமே காலையில். எல்லாமே குறிஞ்சிக்காட்டில். பேச்சியம்மாள் ஏறிய கொஞ்ச நேரத்தில்.

அதைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை. ஏனென்றால் அதைச் சிவசங்கரன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

பேச்சியம்மாள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். கணவன் கரடி அடித்து இறந்தான். ஒரே மகன் பைக்கில் போய் இறந்தான். அதன் பிறகு சிறுநீரகம் போயிற்று, இதயமும் தடுமாறத் தொடங்கிற்று. மார்புத் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். இதயம் தப்பினால் அது தட்டிக்கொடுக்கும். என்ன நடந்தது என்று கீழே மருத்துவமனைக்குச் செய்தியும் அனுப்பும். வேனில் சிலர் அவர் ஏறும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஜூலையில் விளக்கு எரிந்த அன்று சிவசங்கரன் வாய்விட்டே சொன்னார்: "சிலபேர் கால் வெச்சா விளங்காது மேரி. நான் யாரையும் குறிச்சுச் சொல்லலை."

அன்று சகாயமேரி வண்டியை ஓரங்கட்டி நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "சார், ராசி பார்க்கிற ஆளு வேற வண்டி பார்த்துக்கங்க. இது ஆஸ்பத்திரி வண்டி. ஏறுற எல்லாரும் கெட்ட நேரத்துலதான் ஏறுறீங்க."

பின்னாலிருந்து பேச்சியம்மாள்தான் முதலில் சிரித்தார்.

இப்போது ஷெட்டில் நின்றுகொண்டு, சகாயமேரி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். காஜா சிரிக்கவில்லை.

"அந்தம்மா நெஞ்சுல மிஷின் இருக்கில்ல?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"அது ரேடியோ அலைதானே அனுப்புது? நம்ம வண்டி ஒயரெல்லாம் அந்தக் காலத்துது. மேல சுத்தின உறை பொடிப்பொடியா உதிருது. வெளியிலிருந்து அலை புகுந்தா சென்சார் பேச்சு குழம்பும். ஸ்கேனர்ல வந்த கோடும் அதைத்தானே சொல்லுது, தொடர்பு அறுந்ததுன்னு."

"உறுதியா?"

"உறுதின்னு எப்படிச் சொல்ல? ரெண்டு மூணு வாரம் அந்தம்மாவை ஏத்தாம ஓட்டுங்க. எரியலைன்னா அதுதான்."

சகாயமேரிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ராசி என்று சொன்னவரின் வாயை அவர் அடைத்திருந்தார். இது ராசி இல்லை. இதற்கு அலை, உறை, ஒயர் என்று பெயர்கள் இருந்தன.

வியாழக்கிழமை விடியற்காலை, மற்றவர்களை ஏற்றுவதற்கு முன்பே அவர் பைக்கில் குறிஞ்சிக்காட்டுக்குப் போனார். பேச்சியம்மாள் புறப்பட்டு, பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"வண்டி எங்க கண்ணு?"

சகாயமேரி சொன்னார். அலையைப் பற்றியும் ஒயரைப் பற்றியும் சொன்னார். இரண்டு மூன்று வாரம்தான் என்றார்.

பேச்சியம்மாள் கேட்டுக்கொண்டார். "நெஞ்சுல இருக்கிறதைக் கழட்டி வீட்டுல வெச்சுட்டு வரட்டுமா?"

"விளையாடாதீங்கக்கா. இன்னொரு புள்ளி விழுந்தா வண்டியே போயிரும். மிச்சம் ஆறு பேரும் என்ன செய்வாங்க?"

"நான் என்ன செய்வேன்?"

"பஸ்ஸுக்கு நான் சொல்லி வைக்கிறேன். முன் சீட்டு குடுக்கச் சொல்றேன்."

"மெயின் ரோட்டுக்கு இந்த ஏத்தத்தை யாரு ஏறுறது? நீங்களா தூக்கிட்டுப் போவீங்க?"

சகாயமேரி அன்று அவரைப் பைக்கில் உட்காரவைத்து மெயின் ரோட்டில் விட்டார். சனிக்கிழமையும் விட்டார். அடுத்த வாரம் அவரை ரோடு வரை கொண்டுவிடும்படி பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

வேன் குறிஞ்சிக்காட்டுக்குள் இறங்கவில்லை. மெயின் ரோட்டில் நேராகப் போயிற்று. விளக்கு எரியவில்லை. மழை கொட்டிய நாளிலும் எரியவில்லை. மூன்றாவது வாரம் சிவசங்கரன் பின்னால் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் சொன்னப்ப மூடநம்பிக்கைன்னீங்க. காஜா சொன்னா விஞ்ஞானம்."

"ரெண்டும் ஒண்ணில்ல சார்" என்றார் சகாயமேரி.

"ஒண்ணில்லதான். நானும் அந்தம்மாவை ஏத்தாதீங்கன்னேன், அவரும் ஏத்தாதீங்கன்னாரு. வித்தியாசம் இருக்கு, எனக்குத்தான் புரியலை."

யாரோ சிரித்தார்கள். சகாயமேரி ஹாரனை அழுத்தினார். எதிரே வண்டி எதுவும் வரவில்லை.

செப்டம்பர் நடுவில் அவர் வாரியத்துக்கு விளக்கம் அனுப்பினார். பேருந்து நிலையத்துக்கு எதிரே கணினி மையம் வைத்திருந்தவர் அதை நல்ல தமிழில் எழுதிக்கொடுத்தார்: பயணி ஒருவரின் உடலில் பொருத்தப்பட்ட கருவியின் அலையால் இடையூறு, அந்தப் பயணியை நிறுத்திய பின் குறை மீண்டும் தோன்றவில்லை, இனி அத்தகையவரை ஏற்றுவதில்லை என உறுதியளிக்கிறேன். நான்கு நாளில் பதில் வந்தது. இரண்டு புள்ளிகளும் அழிந்தன. மலையில் யாருடைய விளக்கமும் அவ்வளவு சுலபமாக ஏற்கப்பட்டதில்லை.

செய்தி பரவியது. இருபது வயது ஜீப் வைத்திருந்தவர்கள், பழைய பிக்கப் வைத்திருந்தவர்கள், காய்கறி வண்டிக்காரர்கள் எல்லோரும் கணினி மையத்துக்கு வந்தார்கள். "மேரியக்காவுக்கு எழுதுன மாதிரியே எழுதுங்க" என்றார்கள். நெஞ்சில் கருவி வைத்தவர் யாரையும் அவர்களில் பலர் பார்த்ததுகூட இல்லை. பெயர் எதுவும் கேட்கப்படவில்லை, புள்ளிகள் அழிந்தன.

அக்டோபர் 24, சனிக்கிழமை மாலை. வேன் மலை ஏறிக்கொண்டிருந்தது. செங்குத்தான ஒரு வளைவில் யானைக் கூட்டம் சாலையை மறித்து நின்றது. குட்டி ஒன்று இருந்ததால் அவை அவசரப்படவில்லை. வண்டிகள் வரிசையாக நின்றன. யானைகள் காட்டுக்குள் இறங்கியதும் சகாயமேரி கிளட்சை விட்டு, ஏற்றத்தில் வண்டியை எடுத்தார். முன்பக்கம் எங்கோ ஒரு 'டொக்' கேட்டது.

விளக்கு எரிந்தது. அணைந்தது.

"வணக்கம். உங்கள் ஊர்திக்கு முதலாவது புள்ளி பதிவாகியுள்ளது. பயணம் இனிதாகட்டும்."

பேச்சியம்மாள் வேனில் இல்லை என்பதை எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்க வேண்டும். சிவசங்கரன் தன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

சகாயமேரி கொஞ்சதூரம் போய் அகலமான இடத்தில் வண்டியை நிறுத்திக் காஜாவைக் கூப்பிட்டார்.

"பானட்டைத் திறங்க" என்றார் காஜா. "வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஆளு யாராவது இருக்காங்களா?"

"சிவசங்கரன் சார் இருக்காரு. ஜீப் ஓட்டுவாரு."

"அவரை உட்கார வைங்க. ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விடச் சொல்லுங்க. நீங்க எஞ்சினைப் பாருங்க. எரிஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள மறுபடி எரிஞ்சாலும் அதே புள்ளிதான், பயப்படாதீங்க."

சிவசங்கரன் கிளட்சை விட்டார். வண்டி முன்னே போகத் துடித்தது. சகாயமேரியின் கண்ணெதிரே எஞ்சினின் ஒரு பக்கம் நாற்காலியிலிருந்து எழுந்திருப்பது போலத் தூக்கிக்கொண்டு எழுந்தது. அதோடு சேர்ந்து, எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயர் விறைத்து, அதன் முனை போல்ட்டிலிருந்து மயிரிழை விலகி ஒரு பொறி தட்டியது.

அவர் போனில் அதைச் சொன்னார்.

"எஞ்சினைத் தாங்குற மவுண்ட் ரப்பர் உள்ளுக்குள்ள அறுந்திருக்குக்கா. நிக்கிற வண்டியில தெரியாது. நின்ன இடத்துலேருந்து ஏத்தத்துல எடுத்தாத்தான் எஞ்சின் தூக்கும், எர்த் விடும்." பிறகு காஜா சொன்னார்: "என் ஷெட் சமதரை."

"மத்த ஆறு பேரும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏறுறவங்க. அதுவும் சமதரை" என்றார் சகாயமேரி. "வாந்திக்குச் சமமான இடம் பார்த்துத்தான் நிறுத்துவேன், சாயங்காலம் பேச்சியக்காவை ரோட்டுலயே இறக்கிருவேன். ஏத்தத்துல நிறுத்தி எடுக்கிறது ஒரே இடம்தான் பாய்."

"குறிஞ்சிக்காடு."

"ஆமா."

ஞாயிற்றுக்கிழமை காஜா மவுண்டையும் எர்த் ஒயரையும் மாற்றினார். அரைநாள் வேலை. மாலையில் சகாயமேரி குறிஞ்சிக்காட்டுக்குப் போனார். பேச்சியம்மாளின் கால்கள் வீங்கியிருந்தன, முகமும் உப்பியிருந்தது. பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள் பல என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். காஃபியை வேண்டாம் என்று மறுத்துவிட்டு சகாயமேரி நடந்ததைச் சொன்னார்.

"அப்ப நான் இல்லை" என்றார் பேச்சியம்மாள்.

"இல்லக்கா. இந்த ஏத்தம்தான்."

"ஏத்தம் நான் பொறக்கிறதுக்கு முன்னாலருந்து இருக்கு."

"தப்புப் பண்ணிட்டேன்."

"அந்த சூப்பர்வைசரு சொன்னப்ப வண்டியை நிறுத்திச் சண்டை போட்டீங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு கண்ணு. அப்புறம் அதையே நீங்க வந்து சொன்னீங்க. கொஞ்சம் படிச்ச மாதிரி சொன்னீங்க, அவ்வளவுதான். நானும் நம்பிட்டேன் பாருங்க. நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டேன், இது இன்னும் என்னென்னத்தைக் கெடுக்குதோன்னு."

"செவ்வாய்க்கிழமை வாரியத்துல போய்ச் சொல்லிடறேன். வியாழக்கிழமையிலேருந்து நீங்க வண்டியில வரலாம்."

பேச்சியம்மாள் இருட்டுவதற்குள் போகச் சொன்னார். வழியில் காட்டுமாடு நிற்கும் என்றார்.

செவ்வாயன்று, ஆறு பேரையும் மருத்துவமனையில் இறக்கிவிட்டு, சகாயமேரி வாரியத்தின் பொள்ளாச்சி அலுவலகத்தில் வரிசையில் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணின் பெயர்ப்பலகையில் நிவேதிதா என்றிருந்தது. பொறுமையான பெண். முழுக்கக் கேட்டாள்.

"அப்போ ரெண்டு விளக்கம் வருது மேடம். புதுப் புள்ளிக்கு ஒண்ணு. அது சுலபம், ரப்பரும் ஒயரும் மாத்தின ரசீது போதும். பழைய ரெண்டு புள்ளிக்கு நீங்க குடுத்த விளக்கத்தை வாபஸ் வாங்கணும்னா, அது வேற."

"வாங்கிக்கிறேன். அது தப்பு."

"வாங்கினா அந்த ரெண்டு புள்ளியும் திரும்ப வரும். அதுக்கு வேற விளக்கம் குடுக்கிற கெடு முடிஞ்சிருச்சு. இப்ப விழுந்ததோட சேர்த்து மூணு."

"மூணும் ஒரே காரணம்தாங்க. ஒரே ஒயரு. அதைத்தான் மாத்தியாச்சே."

"எனக்குப் புரியுது. சிஸ்டத்துல அப்படி ஒரு கட்டம் இல்லை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணும் சொல்றேன். நீங்க வாபஸ் வாங்கினாலும் அந்தம்மாவை ஏத்த முடியாது. ஒண்ணாம் தேதியிலேருந்து விதி வருது. உடம்புக்குள்ள அலை அனுப்புற கருவி வெச்சவங்க பதினைஞ்சு வயசு தாண்டின வண்டியில ஏறக் கூடாது. ஏறினா பெட்டி வண்டியை நிறுத்திரும்."

"என் ஒருத்தி சொன்னதுக்காகவா?"

"உங்களோடது முதல்ல வந்தது. அப்புறம் முந்நூறுக்கு மேல வந்திருச்சு. எல்லாத்துலயும் அதே காரணம். வாக்கியம்கூடக் கிட்டத்தட்ட அதேதான். நிபுணர் குழு பார்த்துட்டு, இவ்வளவு ஒத்துப்போனா சந்தேகமே இல்லைன்னு எழுதிட்டாங்க."

"பார்த்து எழுதினதுங்க அது. காப்பி அடிச்சது."

"நீங்க யாரைப் பார்த்து எழுதுனீங்க மேடம்?"

சகாயமேரி திரும்பிப் பார்த்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒருவர் சீக்கிரம் என்றார். இன்னொருவர், பொம்பளைங்க நின்னா இப்படித்தான் என்றார். சுவர்த் திரையில் அவருடைய வேன் எண் ஓடி மறைந்தது. மருத்துவமனையில் ஆறு பேருக்கும் ஊசி குத்தியிருப்பார்கள். மாலை அவர்களை யாராவது மேலே கொண்டுபோக வேண்டும்.

"முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றாள் நிவேதிதா. "விளக்கம் எதுக்குப் போடட்டும்? புதுசுக்கு மட்டுமா, பழசுக்கும் சேர்த்தா?"

"புதுசுக்கு மட்டும்" என்றார் சகாயமேரி.

நவம்பர் முதல் தேதி விதி நடைமுறைக்கு வந்தது. வேனின் எஞ்சின் விளக்கு அதன் பிறகு எரியவில்லை. 2044 மார்ச்சில் வாரியம் வெளியிட்ட அறிக்கை, கருவி பொருத்திய பயணிகளை விலக்கியதால் குறை நீங்கிய வண்டிகளுக்கு முதல் எடுத்துக்காட்டாக அந்த வேனைக் குறிப்பிட்டிருந்தது. பேச்சியம்மாள் குறிஞ்சிக்காட்டு வீட்டைத் தோட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு, பொள்ளாச்சியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறைக்குக் குடிபோனார். பிப்ரவரி 18 அன்று அங்கே இறந்தார். சகாயமேரியின் வேனில் ஏழாவது இருக்கைக்கு வேறொரு நோயாளி வந்திருக்கிறார்.